'உரிமைவிடல்' எழுதிக் கொடுப்பதற்கு முன்

ஆசிரியர்களின் பதவி உயர்வுக் கலந்தாய்வு நடக்கிற இடத்தில் ஒரு மூலையில் வெள்ளைத்தாள் கட்டு ஒன்று இருக்கும். பெயரைக் கூப்பிட்டதும் சிலர் காலிப்பணியிடப் பட்டியல் முன்னால் உட்கார்ந்து பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள். சிலர் அந்தக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, பக்கத்திலிருப்பவரிடம் பேனா வாங்கி, இந்தப் பதவி உயர்வு இப்போது வேண்டாம் என்று நாலு வரி எழுதுவார்கள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக, எனக்கு வழங்கப்படும் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி உயர்வினைத் தற்காலிகமாக உரிமைவிடல் செய்கிறேன்." கீழே பெயர், பள்ளி, ஒன்றியம், நாள். ஐந்து நிமிட வேலை. அந்த நாலு வரியை எழுதுகிறவர்களில் சார்களைவிட டீச்சர்கள்தான் அதிகம் கண்ணில் படுவார்கள்.

மத்திய அரசின் பள்ளிக் கணக்கெடுப்பான யூடைஸ் பிளஸின் 2024-25 கணக்குப்படி இந்தியப் பள்ளி ஆசிரியர்களில் 54.2 சதவீதம் பெண்கள். தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் இதற்குக் கணக்கெடுப்பே தேவையில்லை, காலை அசெம்பிளியை எட்டிப் பார்த்தால் போதும். பெண்களுக்குப் பதவி உயர்வைத் தரமாட்டோம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பணிமூப்புப்படி பெயர் வருகிறது, கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். பெயர் வரவேண்டிய வருஷத்தில் வராமல் போவதும், வந்த பெயரை அவரே எழுதிக் கொடுத்து அடித்துவிடுவதும்தான் நடக்கிறது. இரண்டுக்கும் காரணங்கள் உண்டு. பாதியைப் பத்து வருஷம் முன்பே சரிசெய்திருக்கலாம்.

பெயர் ஏன் பிந்துகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி இடைநிலை ஆசிரியர்களுக்கு, அதாவது ஒன்று முதல் ஐந்து வரை பாடம் எடுப்பவர்களுக்கு, நெடுங்காலம் ஒன்றியம்தான் அலகு. பணிமூப்புப் பட்டியல் ஒன்றியத்துக்குள்ளேயே போடப்படும், தலைமையாசிரியர் பணியிடமும் ஒன்றியத்துக்குள்ளேயே கிடைக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் ஹெச்.எம். ஆகலாம் என்பது இதன் நல்ல பக்கம். கெட்ட பக்கம், ஒன்றியம் விட்டு ஒன்றியம் மாறினால் புது ஒன்றியத்துப் பட்டியலில் கடைசிப் பெயராகத்தான் சேர்வீர்கள். பன்னிரண்டு வருஷ சர்வீஸ் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் கணக்காகும், சீனியாரிட்டிக்கு ஆகாது. கல்யாணமாகி ஊர் மாறுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கணவருக்கு மாறுதல், மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று இரண்டு முறை ஒன்றியம் மாறிய டீச்சர், இரண்டு முறை வரிசையின் கடைசியில் போய் நின்றிருப்பார். அதே ஆண்டு அதே தேர்வில் வேலைக்கு வந்து, சொந்த ஒன்றியத்தை விட்டு அசையாத சார் இதற்குள் ஹெச்.எம். ஆகியிருப்பார்.

2023 டிசம்பர் 21 அன்று வந்த அரசாணை 243 இதைத் தலைகீழாக்கியது. ஒன்றிய முன்னுரிமை போய் மாநில முன்னுரிமை வந்தது. ஊர் மாறியதால் சீனியாரிட்டியை இழந்தவர்களுக்கு இது இழந்ததைத் திருப்பித் தரும் ஆணை. ஊர் மாறாமல் ஒரே ஒன்றியத்தில் காத்திருந்தவர்களுக்கோ இடி. முன்னால் இருந்த பெயர் கீழே இறங்கலாம். பெயர் வந்தாலும் காலியிடம் வேறு மாவட்டத்தில் இருக்கலாம். தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டு அமைப்பான டிட்டோஜாக் இதை எதிர்த்துப் போராடியபோது பெண் ஆசிரியர்களின் பதவி உயர்வு வாய்ப்பு பறிபோகிறது என்பதை முதன்மை வாதமாக வைத்தது. அரசுத் தரப்பு வாதத்திலும் ஊர் மாறிய பெண்கள் இருந்தார்கள். இரு தரப்பும் சொன்னது உண்மை, பேசப்பட்ட பெண்கள்தான் வேறு வேறு. என் கணக்கில் பணிமூப்பை மாநில அளவில் எடுப்பது நியாயம். பணியிடத்தையும் மாநிலம் முழுக்கச் சிதறவிடுவது நியாயமில்லை. ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்றையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். எதுவானாலும் உங்கள் முறை வருகிற ஆண்டில் எந்த நெறிமுறை நடப்பில் இருக்கிறதோ அதன் நகலைக் கையில் வைத்துப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் சுருக்கத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பெயர் பிந்துவதற்கு இரண்டாவது காரணம் தகுதிகாண் பருவம், அதாவது புரொபேஷன். தொடர்ந்த மூன்றாண்டுக்குள் இரண்டாண்டு பணி முடித்தால்தான் தகுதிகாண் பருவம் முடிந்ததாக ஆணை வரும். வேலைக்குச் சேரும் வயது பெரும்பாலும் கல்யாண வயது. மகப்பேறு விடுப்பு 2016-இல் ஒன்பது மாதமானது, 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாதம். விடுப்பு நீண்டது நல்லதுதான். ஆனால் அந்த மாதங்கள் தகுதிகாண் கணக்கில் சேராததால், குழந்தை பெற்றவருக்கு ஆணை தள்ளிப்போனது, பின்னால் பதவி உயர்வும் தள்ளிப்போனது. மகப்பேறு விடுப்புக் காலமும் தகுதிகாண் பருவத்தில் சேரும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இப்போது தகுதிகாணில் இருக்கும் டீச்சர்கள், விடுப்பு எடுத்த காலம் தங்கள் ஆணையில் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும். ஆணை தப்பாக வந்தால் அந்த மாதமே எழுதிக் கேளுங்கள். பதினைந்து வருஷம் கழித்துக் கேட்டால் அலுவலகத்தில் கோப்பே இருக்காது.

மூன்றாவது டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. ஆசிரியர் பணியில் தொடரவும் பதவி உயர்வுக்கும் தகுதித் தேர்வு கட்டாயம் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்ச்சி இல்லாமலே பணியில் நீடிக்கலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. ஆக 56 வயதில், முப்பது வருஷ அனுபவத்தோடு, பட்டியலில் முதல் பெயராக இருக்கிற டீச்சருக்கும் ஹெச்.எம். ஆக டெட் வேண்டும். இதன் நியாய அநியாயத்தைச் சங்கங்கள் பேசட்டும். இடைநிலை ஆசிரியர்களுக்கான தாள் ஒன்று இப்படி இருக்கும்: மொத்தம் 150 வினா. குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதம் 30, சூழ்நிலையியல் 30. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. எனவே ஒரு வினாவையும் விடக்கூடாது. தினமும் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற டீச்சருக்குக் கணிதமும் சூழ்நிலையியலும் மலையில்லை. பணியிலிருப்பவர்கள் தடுக்கி விழுவது குழந்தை மேம்பாட்டில்தான். பியாஜே, வைகாட்ஸ்கி என்று பயிற்சிப் பள்ளியில் படித்த உளவியல் மறந்துபோயிருக்கும். பழைய டி.டி.எட். புத்தகத்தைத் தூசி தட்டி, அந்த முப்பதுக்கு மட்டும் முதல் மாதத்தை ஒதுக்குங்கள். பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வை எதிர்பார்க்கிறவர்களுக்குத் தாள் இரண்டு.

இனிப் பணிப்பதிவேடு, அதாவது எஸ்.ஆர். உங்கள் கையெழுத்தோடு வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த நீளப் புத்தகம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைத் திறந்து பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பல டீச்சர்கள் வீட்டுக்காரரையோ சக ஆசிரியரையோ அனுப்பிவிடுகிறார்கள். போகிறவர் "எல்லாம் சரியா இருக்காம்" என்று வந்து சொல்லுவார். அது போதாது, நீங்களே போங்கள். பேனாவும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

பார்க்க வேண்டியவை இவை. முதல் பக்கத்தில் பிறந்த தேதி, பெயர், இன்ஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் அப்பா இன்ஷியல், எஸ்.ஆரில் கணவர் இன்ஷியல், ஆதாரில் இரண்டும் சேர்ந்து என்று இருந்தால் கலந்தாய்வு அன்று ஆன்லைனில் பெயர் ஒத்துப்போகாது. பெயர் மாற்றியிருந்தால் அரசிதழ் வெளியீடு எஸ்.ஆரில் பதிவாகியிருக்க வேண்டும். அடுத்து நியமன ஆணை எண், நாள், பணியில் சேர்ந்தது முற்பகலா பிற்பகலா. அடுத்து பணிவரன்முறை ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை. இந்த இரண்டு ஆணைகளும் வீட்டு ஃபைலில் பத்திரமாக இருக்கும், எஸ்.ஆரில் பதிவு இருக்காது. அடிக்கடி நடக்கிற கோளாறு இதுதான். பேனல், அதாவது பதவி உயர்வுக்கான பெயர்ப் பட்டியல், தயாரிக்கிற எழுத்தர் உங்கள் வீட்டு ஃபைலைப் பார்ப்பதில்லை, எஸ்.ஆரைத்தான் பார்ப்பார். பதிவு இல்லையென்றால் உங்கள் பெயருக்கு நேரே "தகுதிகாண் முடிக்கவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

கல்வித் தகுதிப் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பு, ஆசிரியர் பட்டயம், பட்டம், பி.எட். என ஒவ்வொன்றுக்கும் உண்மைத்தன்மைச் சான்று வந்த விவரம் இருக்க வேண்டும். பணியில் சேர்ந்த பிறகு தொலைநிலையில் படித்த பட்டத்துக்கு முன் அனுமதி ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி வாங்காமல் படித்த பட்டத்தைப் பதவி உயர்வுக் கணக்கில் ஏற்றுவது பெரும்பாடு. பதவி உயர்வு இல்லாமலே ஊதியம் கூட்டித் தரும் ஆணைகள் (பத்தாண்டு முடித்தால் தேர்வுநிலை, இருபதாண்டு முடித்தால் சிறப்புநிலை), விடுப்புக் கணக்கு, ஊதிய உயர்வுப் பதிவுகள் எல்லாம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். நடுவில் ஓராண்டு ஊதிய உயர்வு பதிவாகாமல் விட்டிருந்தால் அங்கே ஒரு ஊதியமில்லா விடுப்பு ஒளிந்திருக்கும்.

பேனலுக்கான கணக்கு நாள் ஜனவரி 1. அந்த நாளில் தகுதி இருந்தால்தான் அந்த ஆண்டுப் பட்டியல். முதலில் தற்காலிகப் பணிமூப்புப் பட்டியல் வரும், ஆட்சேபணைக்கு நாள் கொடுப்பார்கள், பிறகு இறுதிப் பட்டியல். தற்காலிகப் பட்டியல் வந்த அன்றே உங்களுக்கு மேலே ஐந்து பெயர், கீழே ஐந்து பெயர் பாருங்கள். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் தேர்வு வாரியத் தரவரிசை பேசும். 2012 டிசம்பரில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நியமன ஆணை கொடுத்தார்கள். அவர்களுக்கு இந்தத் தரவரிசை எண்தான் தலையெழுத்து. அந்த எண் உள்ள பக்கத்தை லேமினேட் செய்து வைத்தாலும் தப்பில்லை. பிழை இருந்தால் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். "சொல்லிட்டேன் டீச்சர், பாத்துக்கலாம்" என்பதற்கு முத்திரை கிடையாது.

பெயர் வந்துவிட்டது, கலந்தாய்வுக்குக் கூப்பிட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அந்த வெள்ளைத்தாள் ஞாபகம் வருகிற இடம் இதுதான்.

தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காமல் நேரத்திலும் ரூபாயிலும் பாருங்கள். ஒரு பக்கம் 18 கிலோமீட்டர் என்றால் நாளைக்கு 36. மாதம் 22 நாளுக்கு 792 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் ஸ்கூட்டியில் 17.6 லிட்டர் பெட்ரோல், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 1,760 ரூபாய். அடிப்படை ஊதியம் ஐம்பதாயிரத்தில் இருக்கிற ஒருவருக்கு மூன்று சதவீத ஊதிய உயர்வு 1,500. சிறப்புநிலை வாங்கிய டீச்சருக்குப் பதவி உயர்வில் கூடுவது சொற்பம் என்பதால், "பெட்ரோலுக்கே போயிடும், எதுக்கு?" என்கிற கேள்வி வீட்டில் நிச்சயம் வரும். கணக்கு சரிதான். இந்த மாதச் சம்பளத்தோடு கணக்கை நிறுத்திவிடுவதில்தான் கோளாறு. நீங்கள் விட்ட இடத்தில் இன்று ஹெச்.எம். ஆகிறவர் தலைமையாசிரியர் பட்டியலில் உங்களுக்கு என்றைக்கும் சீனியர். எழுதிக் கொடுத்தவர் பெயர் மூன்றாண்டுக்குப் பட்டியலில் வராது. அது கழித்து நீங்கள் சேரும்போது அவரும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் முன்னால் நிற்பார்கள். அடுத்த மாறுதல் கலந்தாய்வில் வீட்டுப் பக்கத்துப் பள்ளியை அவர்கள்தான் முதலில் எடுப்பார்கள்.

பெட்ரோல் கணக்கில் இன்னொரு வழியும் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. டவுன் பஸ் ரூட்டில் இருக்கும் 22 கிலோமீட்டர் பள்ளி, பஸ் போகாத 12 கிலோமீட்டர் பள்ளியைவிடச் செலவிலும் மலிவு, மழைக்காலத்தில் பத்திரமும் கூட. எனவே காலிப்பணியிடப் பட்டியல் வந்ததும் கூகுள் மேப்பை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு வேலைநாளில் காலை முதல் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போய் இறங்கிப் பாருங்கள். ஸ்டாப்பிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு நடை, மாலை கடைசி பஸ் எப்போது, அது தவறினால் என்ன வழி என்பதெல்லாம் அங்கே போனால்தான் தெரியும்.

போன இடத்தில் இன்னும் நாலு விஷயம் கவனியுங்கள். மாணவர் எண்ணிக்கை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி ஆசிரியர் பணியிட நிர்ணயம் நடக்கும். எண்ணிக்கை ஓரத்தில் ஊசலாடும் பள்ளியில் உங்கள் ஒரே உதவி ஆசிரியர் உபரி என்று தூக்கப்படலாம். அடுத்தது கழிப்பறை, தண்ணீர். கூச்சப்படாமல் கதவைத் திறந்து, குழாயைத் திருகிப் பாருங்கள். தலைமையாசிரியை ஆன பிறகு அது உங்கள் புகார் மனு, அதற்கு முன்னால் அது உங்கள் தேர்வுக்கான தகவல். மூன்றாவது சத்துணவு அமைப்பாளர், சமையலர் பணியிடங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்பது. காலியாக இருந்தால் முட்டை எண்ணுவதும் உங்கள் தலையில். நான்காவது பள்ளிக் கட்டடத்தில் இடிக்க வேண்டியது ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பது.

ஈராசிரியர் பள்ளிக்கு ஹெச்.எம். என்றால் நாற்காலியில் உட்காரும் பதவி என்று நினைத்துவிடக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 150 குழந்தைகளுக்கு மேல் இருந்தால்தான் வகுப்புப் பொறுப்பில்லாத தலைமையாசிரியர். அறுபது வரைக்கும் இரண்டே ஆசிரியர், அதில் ஒருவர் நீங்கள். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபிறகு ஒன்று முதல் மூன்று வரை ஒருவர், நான்கு ஐந்து ஒருவர் என்று பிரித்துக்கொள்வது வழக்கமாகியிருக்கிறது. ஹெச்.எம். நான்கு, ஐந்தை எடுத்துக்கொள்வது நல்லது. அலுவலகத்திலிருந்து அவசரமாக ஒரு புள்ளிவிவரம் கேட்டால், ஐந்தாம் வகுப்புக்குப் பத்து நிமிட வேலை கொடுத்துவிட்டு எழுதலாம். ஒன்றாம் வகுப்பைப் பத்து நிமிடம் விட்டால் ஒருவன் வாசலில் இருப்பான், இன்னொருத்தி மேசைக்கு அடியில் இருப்பாள். ஒன்றாம் வகுப்புதான் அடித்தளம், அனுபவமுள்ளவர்தான் எடுக்க வேண்டும் என்று வாதிடுபவர்களும் உண்டு. உதவி ஆசிரியர் புதியவராக இருந்தால் அந்த வாதத்துக்குப் பலம் அதிகம்.

பொறுப்பு ஏற்கிற நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே போடுகிற கையெழுத்து அஞ்சு வருஷம் கழித்துத் தணிக்கையில் எழுந்து வந்து நிற்கும்.

பழைய ஹெச்.எம். ஓய்வு பெற்றவராக இருந்தால் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருப்பார். சாவிக் கொத்தைக் கையில் கொடுத்து, "எல்லாம் பீரோல இருக்கு டீச்சர்" என்பார். புன்னகையோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முதலில் ரொக்கப் பதிவேடு. அன்றைய தேதியில் இருப்பு எழுதி மூடி, வங்கிப் பாஸ்புக்கில் அதே தொகை இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் காரணத்தை அந்தப் பக்கத்திலேயே அவர் கையால் எழுதி வாங்குங்கள். அடுத்து சேர்க்கை நீக்கப் பதிவேடு. கடைசிச் சேர்க்கை எண், எழுதாமல் விட்ட கட்டங்கள், மாற்றுச் சான்றிதழ் புத்தகத்தில் பயன்படுத்தாத தாள்களின் எண்கள். பயன்படுத்தாத டி.சி. தாள் ஒன்று காணாமல் போயிருந்தால் அது சின்ன விஷயம் கிடையாது. பிறகு இருப்புப் பதிவேடும் விலையில்லாப் பொருட்கள் பதிவேடும். மேசை நாற்காலியை எண்ணுவது எல்லோரும் செய்வதுதான். டேப்லெட், ஸ்மார்ட் வகுப்பறைப் பொருட்களை வரிசை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. எண்ணி முடித்தபிறகு இரு நகலில் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல், இருவர் கையெழுத்து. காணாமல் போன பொருளை "உள்ளது" என்று எழுதிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அந்தப் பொருளின் விலை உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

காகிதத்தில் இல்லாத பொறுப்பு ஒன்று உண்டு. அது பழைய ஹெச்.எம்.மின் கைபேசி எண். வங்கிக் கணக்கு, நிதி மென்பொருள், பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் தளம், மின் இணைப்பு எல்லாம் அவர் எண்ணில் பதிந்திருக்கும். மாதக் கடைசியில் நீங்கள் பணம் விடுவிக்க முயலும்போது ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும், அவர் பேரன் கல்யாணத்தில் இருப்பார். அன்றைக்கே ஒரு பட்டியல் போடுங்கள்: எந்தெந்தத் தளம், பயனர் பெயர், கடவுச்சொல், பதிவான எண். முதல் வாரத்திலேயே பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, கையொப்பதாரர் மாற்றத்துக்குத் தீர்மானம் போட்டு, குழுத் தலைவரோடு வங்கிக்குப் போய் மாற்றி வாருங்கள். தீர்மானத்தில் பழையவர் பெயர், புதியவர் பெயர், கணக்கு எண் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வங்கியில் திருப்பி அனுப்புவார்கள்.

பணத்தைப் பற்றி இரண்டு வரி. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் 30 குழந்தைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. இதில் பத்து சதவீதமாவது தூய்மைப் பணிக்கு. 29 பேர் உள்ள பள்ளியில் இரண்டு சேர்க்கை கூடினால் மானியம் 15,000 கூடும் என்பதைச் சேர்க்கைக் காலத்தில் குழு உறுப்பினர்களிடம் சொன்னால் அவர்களே வீடு வீடாகப் போவார்கள். ஒவ்வொரு செலவுக்கும் தீர்மானத்தின் எண், ரசீது, இருப்புப் பதிவேட்டின் பக்க எண் மூன்றையும் ஒன்றோடொன்று குறித்து வைத்தால் தணிக்கை நாள் அரைமணியில் முடியும்.

அந்த மேலாண்மைக் குழுவில் சட்டப்படி முக்கால்வாசி பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். புதுத் தலைமையாசிரியைக்கு இதைவிடப் பெரிய பலம் கிடையாது. ஒப்பந்தக்காரரோ ஊர்ப் பெரியவரோ பள்ளிக்குள் வந்து உங்களைத் தாண்டிப் பார்த்து "ஹெச்.எம். சார் இல்லீங்களா?" என்று கேட்பார். பெயர்ப் பலகையில் உங்கள் பெயர் பளிச்சென்று இருந்தாலும் கேட்பார். குழுக் கூட்டத்தில் நாலு அம்மாக்கள் உட்கார்ந்து கட்டட வேலையைக் கேள்வி கேட்ட மறுவாரம் அந்தக் கேள்வி நின்றுபோகும். கூட்டத்தை மாலை நாலு மணிக்கு வைத்தால் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் வரமுடியும். காலை பதினொரு மணிக்கு வைத்தால் கையெழுத்து மட்டும்தான் வரும்.

காலை உணவுத் திட்டம் வந்ததிலிருந்து ஹெச்.எம்.மின் நாள் முன்னாடியே தொடங்குகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த நல்ல திட்டம். சமைப்பது சுயஉதவிக் குழுப் பெண்கள், ஆனால் முதல் மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளியைத் திறந்து, சாப்பாட்டைச் சுவைத்துப் பார்த்து, எண்ணிக்கை பதிய யாராவது இருக்க வேண்டும். தன் பிள்ளைக்கு டிபன் கட்டி அனுப்பிவிட்டு முதல் பஸ் பிடிக்கிற டீச்சருக்கு இது கூடுதல் சுமை. உதவி ஆசிரியரோடு வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று முறை வைத்து, அதை ஆசிரியர் கூட்டப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு ஏற்பாடு இரண்டு மாதத்தில் கரைந்துபோகும்.

பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில் மூத்த ஆசிரியராக இருந்து "பொறுப்பு ஹெச்.எம்." வேலையை வருஷக்கணக்கில் பார்க்கிற டீச்சர்களுக்கு ஒரு வார்த்தை. பொறுப்பு ஆணையை எழுத்தில் வாங்காமல் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வேலைக்குச் சீனியாரிட்டி கிடைக்காது, தணிக்கைக் குறிப்பு மட்டும் தவறாமல் வந்து சேரும்.

ஊதிய நிர்ணயத்தில் ஒரு விருப்பம் உண்டு. பதவி உயர்வு பெற்ற நாளிலேயே நிர்ணயம் செய்துகொள்ளலாம், அல்லது அதற்கு அடுத்து வரும் ஆண்டு ஊதிய உயர்வு நாளில். ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் வரும். உங்கள் தேதி இரண்டு மூன்று மாதத்தில் இருந்தால் பெரும்பாலும் காத்திருப்பது லாபம். இரண்டு விதமாகவும் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, காலக்கெடுவுக்குள் விருப்பக் கடிதம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் முதல் வகையில் போட்டு முடித்துவிடுவார்கள்.

மேலே போக நினைப்பவர்களுக்கு: நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவிக்குப் போகும் வழி பட்டதாரி ஆசிரியர் பதவி. அங்கிருந்து வட்டாரக் கல்வி அலுவலர், அதாவது பி.இ.ஓ. பட்டமும் பி.எட்.டும் உள்ள இடைநிலை ஆசிரியை, வீட்டுப் பக்கத்தில் தொடக்கப் பள்ளி ஹெச்.எம். கிடைக்கிறதே என்று எடுப்பதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும். பி.இ.ஓ. ஆக இன்னொரு வழி, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் நேரடித் தேர்வு. அரசு வேலைகளின் நேரடி நியமனத்தில் பெண்களுக்கு 1989 முதல் 30 சதவீத இடஒதுக்கீடு உண்டு, 40 ஆக்குவதாக 2021-இல் அறிவித்தார்கள். பதவி உயர்வு வழியில் அப்படி எதுவும் கிடையாது. பதவி உயர்வு வழியில் போகிறவர்களுக்குத் துறைத் தேர்வுகள் வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் டிசம்பரிலும் நடத்துகிறது. புத்தகம் பார்த்து எழுதும் தாள்களும் இதில் உண்டு, ஆனால் எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று தெரியாதவருக்குப் புத்தகம் இருந்தும் பயனில்லை. முப்பத்தைந்து வயதில் எழுதி முடித்து எஸ்.ஆரில் பதிந்து வைத்துவிட்டால் ஐம்பதில் ஓடவேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு, கைக்குழந்தையோ படுக்கையில் அப்பாவோ இருக்கிறார்கள், இந்த வருஷம் முடியவே முடியாது என்றால் அந்த வெள்ளைத்தாளை எடுக்கத்தான் வேண்டும். "தற்காலிகமாக" என்ற சொல் இருக்கிறதா என்று எழுதியதும் ஒருமுறை படித்துப் பாருங்கள், பதற்றத்தில் அது விட்டுப்போவதுண்டு. நகலில் ஒப்புகை வாங்குங்கள். மூன்றாண்டுக்குப் பெயர் பட்டியலில் எடுக்கப்படாது. அந்த மூன்றாண்டு முடிகிற தேதியைக் கணக்குப் போட்டு, அதற்கு அடுத்து வரும் ஜனவரி 1 எது என்று நகலின் மேல் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள்.